நீராற்பகுப்பு நொதிகள்

நீர் மூலக்கூறைக் கொண்டு வேதிப்பிணைப்புகளை உடைக்கும் நொதிகள். ஹைட்ரோலேஸ்கள் என்றும் பெயர். பன்னாட்டு நொதி வகைப்பாட்டில் 3-ஆம் வகுப்பு. பிணைப்பு அறும்போது நீரின் ஹைட்ரஜன் ஒரு துண்டோடும் ஹைட்ராக்சில் மறு துண்டோடும் சேரும். அமைலேஸ், லிப்பேஸ், டிரிப்சின் முதலிய செரிமான நொதிகள் இவ்வகையே. சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிப்பது, உமிழ்நீர் அமைலேஸ் மாவுச்சத்தை மால்டோஸாக உடைப்பதால்தான்.

கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக்கருவிலும் உள்ள லைசோசைம் என்ற நீராற்பகுப்பு நொதி பாக்டீரியாவின் செல்சுவரைச் சிதைக்கும். 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதை விவரித்தார். பின்னாளில் அவரே கண்டறிந்த பெனிசிலின் பெற்ற புகழில் இது மங்கிப்போனது. எக்ஸ்கதிர் மூலம் முப்பரிமாண அமைப்பு அறியப்பட்ட முதல் நொதியும் இதுவே (1965).

நரம்புச் சந்திப்பில் வேலை செய்யும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நீராற்பகுப்பு நொதியை ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் முடக்குகின்றன. நஞ்சு ஏறியவருக்கு எச்சில் வழிவதும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவதும் அதனால்.