உனக்குக் குளிருது, எனக்கு வேர்க்குது... ஒரே ஏசி ரூம்ல ஏன் இப்படி?

ஏசி 24-ல ஓடும். ஒருத்தர் ஷாலை இழுத்துப் போர்த்திக்கிட்டு டைப் பண்ணுவார். பக்கத்து சீட்காரர், "ப்ரோ, 20 வைங்க ப்ரோ"ன்னு கெஞ்சுவார். ரெண்டு பேருமே சீன் போடலை. அவங்கவங்க உடம்பு சொல்றது அது.

உடம்பின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸில் இருக்கணும். அதைப் பார்த்துக்கொள்வது மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ். குளிர்ந்தால் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, தசைகளை நடுங்கவைக்கும். சூடானால் குழாய்களை விரித்து, வியர்க்க வைக்கும்.

தசைதான் நம்ம உடம்போட ஹீட்டர். தசை அதிகமா இருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அதிக வெப்பம் உற்பத்தியாகும். பெண்களுக்குச் சராசரியாக தசை குறைவு என்பதால் சீக்கிரம் குளிரும். இதில் ஆபீஸும் ஒரு வேலை பார்த்திருக்கு! கட்டட வெப்பநிலைக்கான விதிமுறைகள் 1960-களில் உருவானவை. 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல் கணக்கை வெச்சு போட்டதுன்னு 2015-ல் ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. அப்போ ஷால் கொண்டுவர்ற தோழியைக் கிண்டல் பண்றது நியாயமா?

மரபணுவுக்கும் பங்கு உண்டு. உலகில் சுமார் 5-ல் ஒருவருக்கு ஆல்ஃபா-ஆக்டினின்-3 என்ற தசைப் புரதம் கிடையாது. 2021-ல் வெளியான ஆய்வில், 14 டிகிரி தண்ணீரில் உட்காரவைத்தபோது, இந்தப் புரதம் இல்லாத ஆண்கள்தான் உடல் வெப்பத்தை நல்லா தக்கவெச்சாங்க.

வெயில் விஷயம் வேற. அதை உடம்பு பழகிக்கும். தினமும் கொஞ்சநேரம் வெயிலில் வேலை செய்தால், ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பும் குறையும். ஆனா, சில வாரம் ஏசியிலேயே கிடந்தால் அந்தப் பழக்கம் போயிடும். பெங்களூருல இருந்து மே மாசம் வேலூருக்கு வந்து, முதல் நாளே மதியம் கிரிக்கெட் ஆடினால் ஆபத்து இதனால்தான். "நான் இந்த ஊர்க்காரன்"னு சொன்னா உடம்பு கேட்காது. யாராவது வெயிலில் குழம்பிப் பேசினாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டபடியே 108-க்கு போன் பண்ணுங்க.

"எனக்கு ஃபேனே வேணாம்"னு சொல்ற தாத்தா, பாட்டியை மட்டும் நம்பாதீங்க. வயதானால் தாக உணர்வும் குறையும், வியர்வையும் குறையும். அவங்க கேட்காமலே தண்ணீர் கொடுங்க.

இதுவரைக்கும் நல்லா இருந்துட்டு, திடீர்னு உங்களுக்கு மட்டும் குளிருதா? தைராய்டு குறைபாடாகவோ ரத்தசோகையாகவோ இருக்கலாம். எல்லாருக்கும் சாதாரணமா இருக்கும்போது உங்களுக்கு மட்டும் சூடு தாங்கலைன்னா, கூடவே படபடப்பும் எடைக் குறைவும் இருந்தா, தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். எதுவானாலும் டாக்டரைப் பார்த்து, தைராய்டு, ஹீமோகுளோபின் டெஸ்ட் ரெண்டும் எடுத்துடுங்க.