சுத்தி சுத்தி அடிக்கும் தண்ணீர் படகு: நனைவதா பிரச்சினை?

தீம் பார்க் என்றாலே தலைகீழாக தொங்க விடும் ரோலர் கோஸ்டர்தான் பலருக்கு ஞாபகம் வரும். "அதெல்லாம் நமக்கு ஆகாதுப்பா, நெஞ்சு தாங்காது" என்று ஒதுங்கி நிற்கும் பெருசுகளும், பொடிசுகளை கையில் பிடித்துக்கொண்டு திரியும் அம்மாக்களும் கூட தைரியமாக வரிசையில் நிற்கும் ரைடு ஒன்று உண்டு. அதுதான் ரிவர் ராப்பிட்ஸ் எனப்படும் சுழலும் தண்ணீர் படகு.

ஒகேனக்கல் பரிசலில் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கமாக போட்டு கிறுகிறுன்னு சுத்தி விடுவாரே, அதே கதைதான். ஒரே வித்தியாசம், இங்கே பரிசல்காரர் கிடையாது. துடுப்பு, எஞ்சின், ஸ்டியரிங் எதுவும் கிடையாது. தண்ணீர் இழுத்த இழுப்புக்கு படகு போகும்.

படகு ஓடுவது எப்படி?

பெரிய ரப்பர் டியூப் சுற்றிலும் இருக்க, நடுவில் வட்டமாக சீட்டுகள். பூங்காவை பொறுத்து 6 பேர் முதல் 12 பேர் வரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி உட்காரலாம். ராட்சத பம்புகள் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி விடும். அந்த தண்ணீர் கான்கிரீட் கால்வாயில் பாய்ந்து இறங்கும். கால்வாயில் ஆங்காங்கே தடுப்புகள் போட்டு தண்ணீரை கொந்தளிக்க வைத்திருப்பார்கள். படகு சுவரில் இடித்து, திரும்பி, சுழன்று கீழே வரும். கடைசியில் கன்வேயர் பெல்ட் ஒன்று படகை இழுத்து மேலே ஏற்றி, ஆட்கள் இறங்கும் இடத்தில் கொண்டு வந்து விடும். இந்த கன்வேயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இந்த வகை ரைடு முதன்முதலில் வந்தது 1980ல். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருந்த ஆஸ்ட்ரோவேர்ல்டு பூங்காவில் 'தண்டர் ரிவர்' என்ற பெயரில் தொடங்கினார்கள். செய்து கொடுத்தது சுவிட்சர்லாந்தை சேர்ந்த இன்டமின் நிறுவனம். அந்த பூங்காவை 2005ல் இழுத்து மூடி விட்டார்கள். ஆனால் அதற்குள் இந்த வட்டப்படகு உலகம் முழுக்க பரவி விட்டது.

ஆளுக்கொரு கருத்து

இந்த ரைடில் போய்விட்டு வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு கட்சியாக பிரிந்து விடுவார்கள். "செம ஜாலி, இன்னொரு ரவுண்டு போகலாம்" என்பது ஒரு கட்சி. "ஜட்டி வரைக்கும் நனைஞ்சு போச்சு, நாள் முழுக்க ஈர ஷூவோட நடந்தேன்" என்பது எதிர்க்கட்சி. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் ஒரே படகில் போயிருப்பார்கள். படகு எந்த நேரத்தில் எந்த பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அருவி கொட்டும் இடத்தில் யார் முதுகு அந்த பக்கம் இருக்கிறதோ அவர் தொப்பல். எதிரே இருப்பவர் காய்ந்த சட்டையோடு சிரித்துக்கொண்டிருப்பார். எந்த சீட்டு நல்ல சீட்டு என்று விசாரிப்பது வீண் வேலை.

அமெரிக்காவின் புளோரிடாவில் டிஸ்னி அனிமல் கிங்டம் பூங்காவில் 1999ல் தொடங்கிய 'காளி ரிவர் ராப்பிட்ஸ்' பற்றித்தான் பேச்சு அதிகம். பெயரை பார்த்ததுமே நம்மவர்களுக்கு புரிந்திருக்கும். ஆனந்தபூர் என்று கற்பனையாக ஒரு ஊர், சக்ரநதி என்று கற்பனையாக ஒரு ஆறு. காட்டில் திருட்டுத்தனமாக மரம் வெட்டுவதால் வரும் நாசத்தை காட்டுவதுதான் ரைடின் கதை. ஒரு படகில் 12 பேர். வரிசையில் நிற்கும் இடத்து அலங்காரத்தை எல்லாரும் பாராட்டுகிறார்கள். "ஆனா ரைடு சட்டுன்னு முடிஞ்சு போகுதே, பெரிய சறுக்கல் ஒண்ணே ஒண்ணுதானே" என்பது பழைய புகார். படகை விட்டு இறங்கி வருபவர்கள் பாலத்தில் நின்று பட்டனை அமுக்கி, யானை சிலையின் துதிக்கை வழியாக கீழே வருபவர்கள் மீது தண்ணீர் பீய்ச்சி அடிக்கலாம். தான் நனைந்த கோபத்தை அடுத்தவர் மேல் காட்ட இதைவிட நல்ல வசதி இல்லை.

கலிபோர்னியா டிஸ்னி பூங்காவில் 2001ல் வந்த 'கிரிஸ்லி ரிவர் ரன்' ரைடுக்கு ரசிகர்கள் மத்தியில் மார்க் கூடுதல். 8 பேர் படகு. கடைசி சறுக்கலில் சுமார் 22 அடி கீழே இறங்கும்போதே படகை சுற்றி விடுவதுதான் அதன் ஸ்பெஷல்.

ஆக பேச்செல்லாம் நனைந்தது, நனையாதது, நீளம், குட்டை என்றே போகிறது. "இது பாதுகாப்பானதா?" என்று யாரும் கேட்பதில்லை. சாதுவான ரைடு என்று முடிவு கட்டி விட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

4 பேர் உயிரை குடித்த கன்வேயர்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் கோல்டு கோஸ்டில் உள்ள ட்ரீம்வேர்ல்டு பூங்காவில் 'தண்டர் ரிவர் ராப்பிட்ஸ்' ரைடு 1986ல் தொடங்கப்பட்டது. 30 ஆண்டுகளாக குடும்பம் குடும்பமாக போய் வந்த ரைடு. 2016 அக்டோபர் 25ந்தேதி பிற்பகல் 2 மணி தாண்டி சில நிமிடங்கள். தண்ணீரை ஏற்றும் இரண்டு பம்புகளில் ஒன்று நின்று போனது. அன்றைக்கு அது பழுதாவது 3வது தடவை.

பம்பு நின்றதும் தண்ணீர் மட்டம் மளமளவென்று இறங்கியது. இறங்கும் இடத்துக்கு பக்கத்தில் காலியாக வந்த ஒரு படகு, அடியில் இருந்த இரும்பு தண்டவாளத்தில் தரைதட்டி நின்று விட்டது. ஆனால் கன்வேயர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் அடுத்த படகு வந்தது. அதில் 4 பெரியவர்கள், 2 சிறுவர்கள். நின்ற படகு மீது வந்த படகு மோதியது. பின்னாலிருந்து கன்வேயர் தள்ள, படகு செங்குத்தாக நிமிர்ந்து எந்திரத்துக்குள் இழுக்கப்பட்டது. பெரியவர்கள் 4 பேரும் பரிதாபமாக உயிரிழந்தனர். சிறுவர்கள் இருவரும் உயிர் தப்பினர்.

விசாரணையில் வெளிவந்த தகவல்கள் அதைவிட அதிர்ச்சி. இறங்கும் இடத்தில் இருந்த ஒரு பட்டனை அமுக்கியிருந்தால் கன்வேயர் சுமார் 2 வினாடியில் நின்றிருக்கும். ஆனால் அந்த பட்டன் எதற்கு என்று அதன் மேல் எழுதி வைக்கவில்லை. அந்த இடத்தில் நின்ற ஊழியருக்கு அந்த ரைடில் அதுதான் முதல் நாள். காலையில்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தண்ணீர் மட்டம் இறங்கினால் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தும் கருவியும் கிடையாது. சுவரில் தண்ணீர் எவ்வளவு நனைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் கணக்கு. அதுமட்டுமல்ல, 2001ல் ஆள் இல்லாத படகுகள் இதேபோல மோதி ஒன்று கவிழ்ந்திருக்கிறது. அப்போதே மணி அடித்து விட்டது, கேட்கத்தான் ஆள் இல்லை.

மரண விசாரணை அதிகாரி ஜேம்ஸ் மெக்டூகல் 2020 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். 30 வருஷத்தில் தகுதியான பொறியாளர் ஒருவரை வைத்து அந்த ரைடை முழுசாக ஒரு தடவை கூட ஆபத்து பார்க்கவில்லை என்றும், இப்படி ஒரு விபத்து என்றைக்காவது நடந்தே தீரும் நிலைதான் இருந்தது என்றும் அதில் சாடியிருந்தார். பூங்காவை நடத்திய ஆர்டென்ட் லெஷர் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020 செப்டம்பரில் 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ரைடு மறுபடி திறக்கப்படவே இல்லை. பெரிய ரைடுகளை 10 ஆண்டுக்கு ஒருமுறை முழுமையாக சோதிக்க வேண்டும் என்று குயின்ஸ்லாந்தில் 2019ல் விதி வந்தது.

இங்கிலாந்து, அமெரிக்காவிலும் சோகம்

இது ஏதோ ஒரு ஊரில் ஒரு தடவை நடந்தது என்று விட்டுவிட முடியாது. 2017 மே 9ந்தேதி இங்கிலாந்தின் டிரேட்டன் மேனர் பூங்காவுக்கு பள்ளி சுற்றுலா வந்த 11 வயது சிறுமி, 'ஸ்பிளாஷ் கேன்யன்' படகில் எழுந்து நின்றபோது படகு இடித்ததில் தண்ணீரில் விழுந்தாள். விழுந்த இடத்தில் ஆழம் இல்லை. எழுந்து நடந்திருக்கிறாள். படகை இழுக்கும் கன்வேயரில் ஏறப்போய், பாசி வழுக்கி, ஆழமான பக்கம் விழுந்து மூழ்கி இறந்தாள். கேமரா இருந்தும் அந்த நேரத்தில் சரியாக கவனிக்க ஆள் இல்லை. அப்போது பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 2022ல் 10 லட்சம் பவுண்டு அபராதம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அட்வென்ச்சர்லேண்டு பூங்கா. இங்கே 'ரேஜிங் ரிவர்' ரைடில் 2016ல் ஆட்களை இறக்கி விட்டுக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் கன்வேயரில் விழுந்து இறந்தார். அதே ரைடில் 2021 ஜூலை 3ந்தேதி படகு கவிழ்ந்து 11 வயது சிறுவன் உயிரிழந்தான்.

அருவியும் சறுக்கலும்தான் நம்மை அலற வைக்கிறது. ஆனால் கோல்டு கோஸ்டில் 4 பேர் போனது அங்கே அல்ல. ரைடு முடிந்தது என்று எல்லாரும் பெல்டை கழற்ற கை வைக்கிற இடத்தில்.

போகிறவர்கள் கவனத்துக்கு

படகு முழுசாக நின்று, ஊழியர் கை காட்டி "இறங்குங்க" என்று சொல்லும் வரை பெல்டை கழற்றக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. போட்டோ எடுக்க, சீட்டு மாற, குழந்தையை இந்த பக்கம் இழுக்க என்று எந்த காரணமும் செல்லாது. முன்னால் போன படகு நகராமல் நிற்பது தெரிந்தால் சத்தம் போட்டு ஊழியரை கூப்பிட தயங்க வேண்டாம், கூச்சப்படும் நேரம் அல்ல அது. தவறி தண்ணீரில் விழ நேர்ந்தால், கன்வேயர் எந்த பக்கம் இருக்கிறதோ அந்த பக்கம் மட்டும் போகவே கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

உயர அளவு என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். காளி ரைடுக்கு 97 சென்டிமீட்டர், கிரிஸ்லிக்கு 107 சென்டிமீட்டர். "ஒரு இஞ்ச்தானே குறையுது, விடுங்க சார்" என்று வாசலில் மல்லுக்கட்டும் அப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெல்ட் பிடிக்கிற இடுப்பளவு அந்த பிள்ளைக்கு இல்லை என்பதற்குத்தான் அந்த கோடு.