சடக்கும் பால்மரமும்: பேராக் பழஞ்சாலைகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழைய கார்களில் கிளைச்சாலைகள் வழியே சென்று இயற்கை எழிலைக் கண்டு மகிழ்வது இன்று பல நாடுகளில் விரும்பப்படும் பொழுதுபோக்காகும். மலேசியாவில் இத்தகைய பயணத்திற்குப் பேராக் மாநிலம் பெரிதும் ஏற்றது. சுண்ணாம்புக் குன்றுகளும் கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளும் வளைந்து செல்லும் பழஞ்சாலைகளும் அங்கு நிறைந்துள்ளன. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நண்பர் ஒருவரின் மோரிஸ் மைனர் காரில், ஈப்போவிலிருந்து இருநாள் பயணம் மேற்கொள்ளும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட இவ்வகைக் கார் விரைந்து செல்லாது. அந்த மெதுவான போக்கே சாலையோரத்தைக் கூர்ந்து நோக்க உதவியது. இச்சாலைகளை அமைத்தோர் யாவர், இவை எவருக்காக அமைந்தன, இவற்றின் ஓரத்தில் வாழ்ந்தோர் என்னவாயினர் என்னும் வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

சாலையும் தமிழர் உழைப்பும்

1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் ஆங்கிலேயர் ஆதிக்கம் வேரூன்றியது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வதே தொடக்ககாலப் போக்குவரத்து அமைப்பின் முதன்மை நோக்கமாக இருந்தது. நாட்டின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே 1885ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனை அமைக்கும் பணியில் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைப் பிரிவினர் ஈடுபட்டனர். பொதுப்பணித் துறையின் சாலைப் பணிகளிலும் தென்னிந்தியத் தொழிலாளர், குறிப்பாகத் தமிழர், பெருமளவில் அமர்த்தப்பட்டனர். கல் உடைத்தல், மண் நிரவுதல், வடிகால் வெட்டுதல் ஆகியன அவர்களின் அன்றாடப் பணிகளாயின.

மலேசியத் தமிழரின் பேச்சு வழக்கில் சாலையைக் குறிக்கும் 'சடக்கு' என்னும் சொல் இங்குக் கருதத்தக்கது. வட இந்திய மொழிகளில் சாலையைக் குறிக்கும் 'சடக்' என்பதோடு இது ஒப்புநோக்கத்தக்கது. 'செம்மண் சடக்கு' என்னும் தொடர் தோட்டப்புற வாழ்வைச் சித்திரிக்கும் கதைகளில் பெருவழக்காக உள்ளது. எழுதப்பட்ட வரலாற்றில் இடம்பெறாத ஒரு வேலைத்தலம் இச்சொல்லின் வழியே நினைவில் நிற்கிறது எனலாம்.

சக்கரமும் பால்மரமும்

காருக்கும் தோட்டத் தமிழருக்கும் உள்ள உறவு சாலையோடு முடிவதன்று. பிரேசிலிலிருந்து 1876ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பிக்கப்பட்டு, 1877இல் அவற்றின் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அத்தலைமுறையைச் சேர்ந்த முதுமரம் ஒன்றை இன்றும் அந்நகரில் காணலாம். ஆயினும் மரம் வந்தவுடன் தோட்டம் தோன்றிவிடவில்லை. டன்லப் 1888ஆம் ஆண்டில் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கினார். ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. கார் பெருகவே சக்கரத்திற்கான ரப்பரின் தேவையும் பெருகியது. 1910ஆம் ஆண்டில் ஓர் இறாத்தல் ரப்பரின் விலை இலண்டன் சந்தையில் 12 சில்லிங்கைக் கடந்தது.

இவ்விலையேற்றமே காடுகளைத் தோட்டங்களாக்கியது. ஆட்களைத் திரட்டும் செலவை முதலாளிகள் பகிர்ந்துகொள்வதற்கென 1907ஆம் ஆண்டில் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுற, கங்காணி முறை மேலோங்கியது. டெட்ராய்ட் நகரில் கார் வாங்குவோர் பெருகியதற்கும் சேலம், திருச்சி மாவட்டங்களின் சிற்றூர்களில் குடும்பங்கள் பிரிந்ததற்கும் இடையே இவ்வாறு ஒரு தொடர்பு உண்டாயிற்று.

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில் உள்ள கெல்லி மாளிகை இத்தொடர்பின் கண்கூடான சான்றாகும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கெல்லி சுமித் காடழிப்புப் பணியில் பொருளீட்டிப் பின் ரப்பர் பயிரிட்டவர். 1915ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய மாளிகைக்கெனச் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய நச்சுக் காய்ச்சலில் அவர்களுள் பலர் மாண்டனர். அருகில் எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயில் அத்துயரின் நினைவாக நிற்கிறது. சுமித் 1926ஆம் ஆண்டில் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை. வருகையாளர் பலர் மாளிகையைப் படமெடுத்துத் திரும்புகின்றனர். கோயில்வரை செல்வோர் சிலரே.

அண்மையும் சேய்மையும்

சாலை எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. 1920களின் இறுதியில் தரக்கூலி வரையறுக்கப்பட்டபோது, எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் விதிக்கப்பட்டன. உள்ளடங்கிய பகுதிகளுக்குச் சற்றுக் கூடுதலாக வழங்கப்பட்டது. சாலையின் அண்மையும் சேய்மையும் கூலியைக் கணிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாயின என்பது இதனால் பெறப்படும்.

தோட்டச் சாலை தனியார் உடைமையாகவும் இருந்தது. மேலாளரின் இசைவின்றி வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டதால், தொழிற்சங்கத்தினர் தொழிலாளரை அணுகுவதே அரிதாயிற்று. துரையின் கார் வரும்போது சைக்கிளில் செல்வோர் இறங்கி ஓரமாக நின்றதை நண்பர் தம் தந்தையார் வாயிலாக அறிந்தவர். "அந்தக் காரின் சக்கரம் எங்கள் அப்பா வெட்டிய பாலில் செய்தது. அதற்கு வழிவிட்டு நின்றவரும் அவர்தான்" என்று அவர் கூறியபோது, காரை ஓட்டிக்கொண்டிருந்தவரும் அவரே என்பதை எண்ணாதிருக்க இயலவில்லை.

1941ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானியர் இதே சாலைகள் வழியே தெற்கு நோக்கி விரைந்தனர். ரப்பர்க் காடுகளின் ஊடே செல்லும் பாதைகள் ஆங்கிலேயப் படையைப் பக்கவாட்டில் சூழ அவர்களுக்கு உதவின. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட மேலாளர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இதன்பின் தோட்டச் சாலைகள் காவலுக்கும் சோதனைக்கும் உட்பட்டன.

துண்டாடலும் மறைவும்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளரே தோட்ட உரிமையாளராகும் முயற்சி அது. ஆயினும் துண்டாடல் முற்றாக நிற்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் பால்மரம் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனை வந்தது. 1994ஆம் ஆண்டில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையுற்றபின் தொலைதூரப் போக்குவரத்தில் பெரும்பகுதி பழஞ்சாலையை விட்டு நீங்கியது. இன்று நாம் வியக்கும் அமைதி இவ்வாறு உண்டானதே.

சுங்கை சிப்புட்டைக் கடந்து ஓரிடத்தில் நண்பர் காரை நிறுத்தினார். அவர் பிறந்த தோட்டத்திற்குப் பிரிந்த சடக்கு அங்கேதான் இருந்ததாம். இப்போது செம்பனை வரிசைகளும் பூட்டப்பட்ட இரும்புக் கதவும் மட்டுமே உள்ளன. லயம் இல்லை, பள்ளி இடம்பெயர்ந்துவிட்டது. ஒரு சிறு முனீஸ்வரர் மேடை மட்டும் சாலையோரம் எஞ்சியிருந்தது. அதன்முன் எவரோ அன்று காலையில் ஏற்றிய சூடம் கரிந்திருந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பேராக்கின் பழஞ்சாலை ஒரு வரலாற்று ஆவணம் என்பது தெளிவாகும். அதனை அமைத்தவரும், அதில் ஓடிய சக்கரத்திற்குப் பால் வெட்டியவரும், ஈற்றில் அதன் ஓரத்திலிருந்து அகற்றப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே மக்களே. தோட்டத்துக்குத் தமிழ் மக்கள் வழங்கிய பெயர்கள் அலுவலகப் பெயர்களினின்றும் வேறுபட்டவை. அவை முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. தமிழாசிரியர்கள் தத்தம் வட்டாரத்தில் மாணவரைக் கொண்டு இப்பெயர்களையும் கோயில், பள்ளி, சடக்கு ஆகியவற்றின் இடங்களையும் தொகுத்து வரைபடமாக்கலாம். பல்கலைக்கழகம் அதற்கு நெறிகாட்டலாம். சொல்வதற்கு ஆள் உள்ளபோதே இப்பணி தொடங்கப்படல் வேண்டும். பழைய காரில் செல்வோரும் அழகைக் கண்டு மகிழட்டும். ஆயின் இரும்புக் கதவின் அருகே ஒருமுறை இறங்கி நிற்பாராயின், அழகின் பின்னுள்ள வரலாறும் அவர்க்குப் புலனாகும்.