அடுப்பு மேடையும் மரக் கதவும்

நம் பாட்டிமார் தரையில் உட்கார்ந்துதான் சமைத்தார்கள். 1965-இல் கல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. கேஸ் பரவப் பரவ, சிலிண்டர் கீழேயும் அடுப்பு உயரத்திலும் இருக்க வேண்டியதால், நின்று சமைக்கும் மேடை வீட்டுக்கு வீடு வந்தது. கடப்பா கல்லை இருபுறச் செங்கல் சுவர்கள் தாங்கின. சிலிண்டரையும் பாத்திரங்களையும் மறைக்க மரக் கதவுகள் பிற்பாடுதான் வந்தன. பிறகு கடப்பாவின் இடத்தைக் கிரானைட் பிடித்தது.

ஆக, மரம் கடைசியாக வந்த விருந்தாளி. கல்லின் பாரம் அதன் கணக்கில் இல்லை. மரம் ஈரத்தில் உப்பும், கல் உப்பாது. எனவே மரச்சட்டத்தைப் பக்கச் சுவரில் திருகச் சொல்லுங்கள். கல்லைத் துளைத்தால் விரிசல் விடலாம். இரண்டும் சேரும் இடுக்குக்கு சிலிக்கோன் போதும்.

மாடுலர் கிச்சன் போடுவோர் மேடைக்கடியில் உள்ள சுவரை இடிக்கச் சொன்னால், கல்லுக்கு மாற்றுத் தாங்கல் என்ன என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.