அவசரச் சட்டத்தின் பின்னால் ஒரு சங்கம்

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும் ஓர் அவசரச் சட்டம் போட்டது. நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைத்த பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது. சாகுபடிதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. கம்யூனிஸ்டுகள்தாம் தன் முதல் எதிரி என்று சட்டசபையில் அறிவித்த முதலமைச்சர் இதைச் செய்தார் என்பதுதான் என்னை உறுத்தியது. 1948 தொடங்கி கம்யூனிஸ்ட் இயக்கத்தை அடித்து நொறுக்கியிருந்தார்கள். தலைவர்கள் சிறையில், அல்லது தலைமறைவு. தஞ்சை விவசாய இயக்கத் தலைவர் வாட்டாக்குடி இரணியனை 1950-இல் சுட்டுக் கொன்றாயிற்று. அப்புறம் எப்படி 1952 சென்னை மாநிலச் சட்டசபைத் தேர்தலில் 62 இடங்களோடு வந்து நின்றார்கள்?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் முதலில் கேட்டு வாங்கியது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாகாண அரசு டெல்லிக்கு அனுப்பிய ரகசிய அறிக்கைகள். போலீஸ் பார்வைக்கு மேடையும் பேச்சாளரும் தெரிகிறார்கள். சேரித் திண்ணை தெரிவதில்லை. கைதுப் பட்டியலை வைத்துக்கொண்டு இயக்கத்தின் உயிரைத் தேடக் கூடாது.

திண்ணைக்கு வழிகாட்டியது பி. சீனிவாசராவ் எழுதிய 'தஞ்சையில் நடப்பதென்ன?'. கன்னடம் தாய்மொழியான அவர் 1943-இல் கீழத்தஞ்சைக்கு வந்து, சேரியிலேயே கஞ்சி குடித்து, அங்கேயே படுத்து, தென்பரையில் தொடங்கி ஊர் ஊராகச் சங்கம் கட்டினார். சாட்டையடியையும், தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலையும் நிறுத்து என்பதுதான் முதல் கோரிக்கை. 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் நிலவுடைமையாளர்களான மிராசுதார்கள் அதற்கு இணங்கினார்கள். முதுகில் சாட்டை விழாத நாளை ஒருமுறை பார்த்துவிட்டவரிடமிருந்து சங்கத்தைத் தடையுத்தரவு பிடுங்கிவிடாது. தலைவர்கள் ஒளிந்திருந்த காலத்திலும் சங்கம் சேரியில்தான் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இதற்கு வெளிச்சாட்சி கேத்லீன் கஃப். 1951 முதல் 1953 வரை தஞ்சைக் கிராமங்களில் தங்கியிருந்த மானிடவியலாளர். ஊர்ப்பெயர்களை மாற்றி எழுதிவிட்டார். அவர் கிரிப்பூர் என்று பெயரிட்ட ஊர் எதுவென்று வரைபடத்தில் தேடும் சபலம் எனக்கும் வந்தது. அது தேவையில்லாத வேலை. விவசாயத் தொழிலாளர் சங்கம் அந்த ஊரில் இருந்தது, அது போதும்.

பிறகு அவசரச் சட்டத்தையே மறுபடி எடுத்தேன். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 6.67 ஏக்கருக்கு மேல், வைத்திருப்பவரைத்தான் அது கட்டுப்படுத்தியது. பல மிராசுதார்கள் பண்ணையாள்களை நிறுத்திவிட்டு நாள்கூலிக்கு ஆள் பிடித்தார்கள். ஆனாலும் தகராறைத் தீர்க்க சமரச அதிகாரிகளை அந்தச் சட்டம் அமர்த்தியிருந்தது. பண்ணையாள்கள் அவர்களிடம் மனு கொடுக்க முடிந்தது. அடுத்த தேடல் அந்த மனுக் கட்டுகளில்தான்.