கொலாபாவில் மயங்கிய ஈ

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் பலர், கொலாபாக் கடற்கரையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை அணு விஞ்ஞானத்தின் கோயிலாகவே எண்ணி வந்திருக்கிறோம். ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று ஒபைத் சித்திகி 1962-இல் அங்கே உயிரியல் பிரிவொன்றைத் தொடங்கினார். பின்னர் அங்கே பழ ஈக்களும் வளர்க்கப்பட்டன. இச்செய்தியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உயிரணுவின் மேற்சவ்வில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. அவை வெளிப்பொருளைப் பற்றியதும் அவ்விடத்துச் சவ்வு குழிந்து, சிறு பையாகக் கழன்று உள்ளே செல்கிறது. உள்ளே சென்றவற்றுள் மீண்டும் மேலே செல்ல வேண்டியவை எவை, அழிய வேண்டியவை எவை என்று தரம் பிரிக்கப்படுகின்றன. தாராவியில் பழம்பொருள் பிரிப்போர் செய்யும் அதே வேலைதான். அமெரிக்காவில் பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவரும் ஆராய்ந்த கொழுப்பு ஏற்பி, ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய் மீள்கிறது. உயிரணுவில் கொலஸ்டிரால் நிறைந்தால் புதிய ஏற்பிகளின் உற்பத்தி குறைகிறது. இந்த ஏற்பி பழுதுற்ற குடும்பங்களில் இளவயதிலேயே மாரடைப்பு நேர்கிறது. இவ்விருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, பையைச் சவ்விலிருந்து கழற்றுவது எது? விடை ஓர் ஈயிடம் இருந்தது. கனடாவில் டேவிட் சுசுகியின் குழுவினர் 1973-இல் 'ஷிபிரே' என்னும் ஈ வகையை விவரித்தனர். ஜப்பானிய மொழியில் மரத்துப்போனது என்று பொருள். வெப்பம் 29 டிகிரியை எட்டினால் அது அசைவற்று வீழும், குளிர்ந்தால் எழுந்துவிடும். மும்பையின் மே மாதத்தில் அது எழுந்து நிற்பதே அரிது! வெப்பத்தில் அதன் நரம்பு முனைகளில் பைகள் கழலாமல் கழுத்தோடு சிக்கி நிற்பதை 1983-இல் கண்டனர். அந்த மரபணு ஆக்குவது டைனமின் என்னும் புரதம் என்பது 1991-இல் தெளிவாயிற்று.

டைனமினுக்கு எரிபொருள் ஜி.டி.பி. என்னும் சேர்மம். அதை வழங்குவது எது என்ற கேள்வியைக் கொலாபாவில் கே. எஸ். கிருஷ்ணனும், அரிசோனாவிலிருந்த மணி ராமசாமியும், அவர்தம் மாணவரும் எடுத்துக்கொண்டனர். ஷிபிரே ஈயின் மயக்கத்தை மிகுவிக்கும் வேறு மரபணுக் குறைகளைத் தேடினர். அகப்பட்டது, ஜி.டி.பி.யை உண்டாக்கும் ஒரு நொதியின் மரபணு. 2001-இல் இதனை வெளியிட்டனர்.

டைனமின் இன்றியே உள்ளே செல்லும் வழியும் உண்டு. டாடா நிலையத்தின் பெங்களூர்க் கிளையில் சத்யஜித் மேயரின் குழு அடுத்த ஆண்டே அத்தகைய ஒரு பாதையை விவரித்தது.