இளவட்டக்கல் முதல் ஐந்நூற்றுப் பத்துக் கிலோ வரை

எமது பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6226 அடி உயரத்தில் இருக்கின்றது. இலங்கைத் தீவிலுள்ள புகையிரத நிலையங்களுள் இதுவே உயரத்தில் முதன்மையானது. கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1885-இல் நானுஓயாவையும், 1894-இல் பண்டாரவளையையும், 1924-இல் பதுளையையும் சென்றடைந்தது. கல்லும் மண்ணும் தண்டவாளமும் எத்தனையோ பேருடைய தோளிலும் தலையிலும் ஏறியே இம்மலையை அடைந்தன. அப்பாரங்களை எவரும் நிறுத்துப் பார்த்ததில்லை. தூக்கியவர் பெயரை எவரும் எழுதி வைத்ததுமில்லை.

பாரந் தூக்குவதைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற தைப்பொங்கல் விளையாட்டுக்களின்போது எம் இளைஞர் சிலர், கைத்தொலைபேசியிற் கண்ட உலக சாதனை ஒன்றினால் உற்சாகமுற்று, மூட்டைகளைக் கம்பியிற் கட்டித் தூக்கத் தொடங்கினர். அவர்களுள் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பத்து நாட்கள் அவரால் வேலைக்குப் போக இயலவில்லை; பத்துப் பேரும் போயிற்று. ‘இவ்விளையாட்டே வேண்டாம்’ என்றனர் பெரியோர். ‘உலகமெல்லாம் செய்வதை நாம் மாத்திரம் செய்யலாகாதோ?’ என்றனர் இளையோர். இரு சாராரும் ஒருமுறை சரித்திரத்தைப் பார்த்துவிட்டுப் பேசினால் நன்று என்று எமக்குத் தோன்றிற்று.

பழந்தமிழர் கண்ட வலிமை

உடல் வலிமையைப் போற்றுவது தமிழர்க்குப் புதியதன்று. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவிய இளைஞரைக் காட்டுகின்றது. கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் புறநானூற்றிலே பாடியுள்ளனர். ஏழாம் நூற்றாண்டிலே காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன், பேரரசன் என்ற பெருமையோடு ‘மாமல்லன்’ என்ற பட்டத்தையும் விரும்பிப் பூண்டான். அப்பெயரே இன்றும் மாமல்லபுரத்தில் வாழ்கின்றது.

புராணங்களும் இப்பொருளைத் தொடாமல் விட்டனவல்ல. கண்ணன் கோவர்த்தனத்தைக் குடையாகப் பிடித்தான். அநுமன் சஞ்சீவி மலையைப் பெயர்த்து வந்தான். தேகப்பயிற்சிச்சாலைகளிலே அநுமன் படம் மாட்டப்படுவது இதனாலன்றோ! ஆயின் மலை தூக்கிய மற்றொருவனும் உண்டு. இலங்கை வேந்தனாகிய இராவணன் தன் தேர் செல்லும் வழியில் நின்ற கைலையைச் சினத்தாற் பெயர்க்கப் புகுந்து, இறைவனுடைய பெருவிரலின் கீழ் நெரிபட்டான். ஆயர் குலத்தைக் காக்கத் தூக்கியவனுக்கு மலை குடையாயிற்று. செருக்கினால் தூக்கியவனுக்கு அதுவே சிறையாயிற்று. இவ்வேறுபாட்டை இக்கட்டுரை முடியுமட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்திருப்பார்களாக.

இளவட்டக்கல்

தென்பாண்டி நாட்டுக் கிராமங்களிலே ஊர் மந்தையிலும் கோயில் முன்றிலிலும் உருண்டையான கருங்கற்கள் கிடப்பதுண்டு. இவற்றை இளவட்டக்கல் என்பர். கலியாணக்கல் என்று சொல்வாரும் உளர். கல்லைத் தூக்கிக் காட்டிய இளைஞனுக்கே பெண் கொடுப்பது பழைய வழக்கம் என்று கூறுவர். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளை என்னும் ஊரில் பொங்கலையொட்டி இப்போட்டி இன்றும் நடைபெறுகின்றது. அங்குள்ள கற்களுட் பெரியது 129 கிலோ எடையுடையது. பெண்களும் தமக்கெனக் குறித்த கற்களைத் தூக்குகின்றனர்.

இக்கல்லிலே பிடிப்பதற்குக் கைப்பிடி இல்லை. வழவழவென்றிருக்கும். தூக்குபவன் முதலிற் குந்தியிருந்து கல்லை இரு கைகளாலும் அணைத்துத் தொடையில் ஏற்றுகின்றான். பின் நெஞ்சோடு சேர்த்து நிமிர்கின்றான். அதன் பின்னர்த் தோளில் உருட்டி ஏற்றிப் பின்புறமாக விடுகின்றான். முரட்டு வலிமை மாத்திரம் இதற்குப் போதாது. கால், இடுப்பு, முதுகு, மூச்சு ஆகிய நான்கும் ஒரு கணத்தில் ஒத்துழைத்தாலன்றிக் கல் மண்ணை விட்டு எழாது.

எம் முன்னோர் கோப்பிக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் தமிழ்நாட்டுக் கிராமங்களை விட்டு இம்மலைகளுக்கு வந்தபோது காமன் கூத்தையும், பொன்னர் சங்கர் கதையையும், சிலம்பத்தையும் கொண்டுவந்தனர். கல்லைக் கொண்டுவர இயலவில்லை. இங்கே அவர்களுக்கு வேறு பாரங்கள் காத்திருந்தன.

பிற நாட்டுக் கற்கள்

இவ்வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று என்பது வியப்பைத் தரும். ஸ்கொட்லாந்திலே டீ நதியின் மேலுள்ள பொட்டார்ச் பாலத்தருகே இரும்பு வளையம் பொருத்திய இரண்டு கற்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து 733 இறாத்தல். டொனால்ட் டின்னி என்னும் வீரர் 1860 அளவில் அவற்றை இரு கைகளிலும் பற்றிப் பாலத்தின் குறுக்கே நடந்தார் என்பது வரலாறு. கற்கள் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஐஸ்லாந்திலே ஹூசாபெல் என்னும் ஊரில் 186 கிலோ எடையுள்ள கல் ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே அவ்வூர்ப் பாதிரியார் ஒருவரின் ஆட்டுப்பட்டிக்கு அது கதவாயிருந்ததாம். இளைஞர் அதனை நெஞ்சோடு அணைத்துப் பட்டியைச் சுற்றி வந்து தம் வலிமையைக் காட்டினர். அத்தீவு பின்னாளில் உலகிற்கு அளித்த வீரரைப் பற்றிக் கீழே காண்போம்.

இரும்பின் காலம்

கல் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதம். ஆகையால் ஓர் ஊர் வீரனை மற்றோர் ஊர் வீரனோடு ஒப்பிட வழியில்லாதிருந்தது. இரும்புக் கம்பியும் வட்டத் தட்டும் வந்த பின்னரே ஒப்பீடு பிறந்தது. ஒப்பீடு பிறந்ததும் சாதனை என்னும் வேட்கையும் பிறந்தது.

பாரதத்திலே அக்காலத்துப் பெரும் புகழ் பெற்றவர் கோடி இராமமூர்த்தி நாயுடு ஆவார். ஆந்திரத்து வீரகட்டத்திற் பிறந்து, சென்னை சைதாப்பேட்டையில் தேகப்பயிற்சி கற்று, பின்னர்ச் சர்க்கஸ் குழு அமைத்து ஊரூராகச் சென்றார். மார்பில் யானையைத் தாங்கியும், சங்கிலியை அறுத்தும், மோட்டார் வண்டிகளை ஓடவிடாது பிடித்து நிறுத்தியும் அவர் காட்டிய வித்தைகள் அந்நியர் ஆட்சியில் சோர்ந்திருந்த மக்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டின. 1942-இல் அவர் மறைந்தார்.

இனி எம் இளைஞர் மயங்கிய அந்தத் தூக்கு முறைக்கு வருவோம். ஆங்கிலத்தில் டெட்லிப்ட் என்பது, தரையிலே அசைவற்றுக் கிடக்கும் பாரத்தைப் பற்றி, முழங்காலும் இடுப்பும் நேராகித் தோள் நிமிருமட்டும் எழுந்து நிற்பதாகும். தலைக்கு மேல் உயர்த்த வேண்டுவதில்லை. பார்ப்பதற்கு எளிது, மிகப் பெரும் பாரங்கள் இம்முறையில் தூக்கப்படுவதால் ஆபத்தும் அவ்வளவுக்கு உண்டு.

ஜெர்மனியின் ஹெர்மன் கோர்னர் 1920-இல் இரு கைகளால் 360 கிலோவும், ஒரே கையால் 330 கிலோவும் தூக்கியதாகப் பழைய பதிவுகள் கூறும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து விவசாயியான பொப் பீப்பிள்ஸ் 1949-இல் 725 இறாத்தல் தூக்கினார். அப்போது அவர் உடல் எடை ஏறக்குறைய 181 இறாத்தலே! தம்மைப்போல் நான்கு பேரை ஒருங்கே தூக்கியதற்கு இது சமம். அவர் பயின்றது பெரிய பயிற்சிச்சாலையிலன்று. தம் பண்ணையிலேயே, தாமே செய்துகொண்ட சாதனங்களைக் கொண்டு பல்லாண்டுகள் சிறிது சிறிதாகப் பாரத்தை ஏற்றிப் பயின்றார். பெரிய உடம்பு இல்லையே என்று வருந்தும் எம் இளைஞர் இவ்விவசாயியை நினைப்பார்களாக.

ஐந்நூறும் அதற்கு மேலும்

2006-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அன்டி போல்டன் 455 கிலோ தூக்கி, ஆயிரம் இறாத்தலைக் கடந்த முதல் மனிதரானார். 2011-இல் ஐஸ்லாந்தின் பெனடிக்ட் மக்னுசன் விசேட உடையோ கைப்பட்டியோ இன்றி 460 கிலோவைச் சற்றுக் கடந்தார். 2016 யூலை 9-ஆந் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எடி ஹோல் 500 கிலோவைத் தூக்கி நிமிர்ந்தார். அரை டன்! ஆயின் பாரத்தை இறக்கிய மறுகணமே மயங்கிச் சரிந்தார். மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. மூச்சை அடக்கிப் பெரும்பாரம் தூக்கும் கணத்தில் இரத்த அழுத்தம் மிக உயரே செல்லும். அதன் விளைவை அன்று உலகம் நேரிற் கண்டது.

2020 மே 2-இல் ஐஸ்லாந்தின் ஹப்தோர் பியோர்ன்சன் 501 கிலோ தூக்கினார். கொரோனாப் பெருநோயினால் போட்டிகள் நின்றிருந்த காலமாகையால், அவர் தம் சொந்தப் பயிற்சிச்சாலையிலேயே அதனைச் செய்தார். போட்டிக் களத்திற்கு வெளியே தூக்கியது சாதனையாகுமா என்ற வழக்கு அன்றே எழுந்தது. ஐந்தாண்டுகளின் பின் அவரே அவ்வழக்கைத் தீர்த்து வைத்தார். 2025 யூலையில் ஜெர்மனியில் 505 கிலோவும், செப்டெம்பரில் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் 510 கிலோவும் போட்டிக் களத்திலேயே தூக்கினார். பெண்களும் பின்தங்கவில்லை, இங்கிலாந்தின் லூசி அண்டர்டவுன் 2022-இல் 300 கிலோவைத் தூக்கினார்.

தமிழர் மரபில் வந்தோரும் இவ்வரலாற்றில் உளர். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம், தலைக்கு மேல் உயர்த்தும் பளுதூக்குதலில் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்ட் கோஸ்டிலும் பொதுநலவாய விளையாட்டுத் தங்கப் பதக்கம் வென்றார். கிளாஸ்கோவில் அவர் தூக்கிய மொத்தம் 328 கிலோ. மலேசியாவின் இராதாகிருஷ்ணன் வேலு 2007-இல் கோலாலம்பூரில் 297 டன் எடையுள்ள புகையிரதத்தைத் தம் பற்களாற் கடித்து 2.8 மீற்றர் தூரம் இழுத்தார். புகையிரதப் பாதையோரம் வாழும் எமக்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

சாட்சியும் தராசும்

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. வலிமை மாத்திரம் சாதனையாவதில்லை. சரியான தராசு வேண்டும். ஒப்புக்கொண்ட விதி வேண்டும். பாரபட்சமற்ற சாட்சி வேண்டும். பவர்லிப்டிங் போட்டியிலே கைப்பட்டி கட்டலாகாது. மூன்று நடுவர் பார்த்திருப்பர். ஸ்ட்ரோங்மேன் போட்டியிலோ கைப்பட்டிக்கும் விசேட உடைக்கும் இடமுண்டு. ஆகவே இரண்டின் எண்களையும் ஒரே வரிசையில் வைத்தல் தகாது. இளவட்டக்கல்லுக்கு ஊரே சாட்சியாய் நின்றது. அதனால் அதனை எவரும் மறுக்கவில்லை.

தராசு என்றதும் எம் நெஞ்சம் தேயிலை மலைக்கே செல்கின்றது. பல தோட்டங்களில் ஒரு முழுப் பேருக்கு நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து என்பது கணக்கு. குறைந்தால் அரைப் பேர். இருபத்தெட்டு நாட்கள் எடுத்தால் அது 504 கிலோவாகின்றது. உலகமே எழுந்து நின்று கைதட்டிய பாரத்தை, எம் தாய்மாரும் சகோதரிமாரும் அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவே, நெற்றியில் கயிறு பதிய, சரிவிலே சுமந்து ஒரு மாதத்தில் நிறுவைக்குச் சேர்க்கின்றனர். ஒரே மூச்சில் தூக்குவதும் நாள்தோறும் சுமப்பதும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆயினும் எது கடினம் என்று கேட்டால் விடை சொல்லத் தயங்குகின்றோம். ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழித்துவிட்டு எழுதப்படும் நிறுவையைக் கண்டு வளர்ந்த எமக்கு, நேர்மையான தராசு எத்துணைப் பெரிய பொருள் என்பதைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

பெரியோருக்கும் இளையோருக்கும்

பெரியோரிடம் நாம் வேண்டுவது இது: தடை செய்யாதீர்கள். தடை செய்தால் இளைஞர் மறைவிடத்திலே தூக்குவர். அங்கே கற்பிப்பாரும் இல்லை, தாங்கிப் பிடிப்பாரும் இல்லை. பாரம் சுமப்பதன் சூட்சுமம் உங்கள் முதுகுக்குத் தெரியும். அதனைச் சொல்லிக் கொடுங்கள்.

இளைஞர்காள்! உங்களிடம் நாம் வேண்டுவது இது: முதலில் வெறுங் கம்பியோடு பழகுங்கள். முதுகை வளையவிடாது, பாரத்தைக் காலோடு ஒட்டி வைத்து, இடுப்பைத் தாழ்த்திக் கால் வலிமையால் எழுங்கள். வாரத்துக்குச் சிறிதளவே ஏற்றுங்கள். இரத்த அழுத்தமும் இருதய நோயும் உள்ளோர் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடவேண்டாம். குறுக்கு வழியில் உடம்பை ஊதச் செய்யும் மருந்துகளின் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அவை ஈரலையும் இருதயத்தையும் விலையாகக் கேட்கும்.

வரும் பொங்கலுக்கு எமது சங்க முன்றிலிலே ஒரு கல்லை வைப்போம். அதனைச் சரியாக நிறுத்து, எடையை அதன் மேலேயே பொறிப்போம். ஒரு குறிப்பேடும் வைப்போம். தூக்கியவர் பெயரைப் பெரியோர் இருவரின் சாட்சிக் கையெழுத்துடன் எழுதுவோம். அக்குறிப்பேட்டின் முதற் பக்கத்தை மாத்திரம் எவர் பெயருமின்றி வெறுமையாக விடுவோம். இம்மலைக்குத் தண்டவாளத்தைச் சுமந்து வந்து, நிறுக்கப்படாமலே மறைந்தவர்களுக்கு அது உரியது.